மூன்றாவது வலை

என் சித்தியை அவள் வேலை செய்யும் அச்சகத்தில் எல்லோரும் ‘காத்தாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சகத்தின் பின்கட்டில் ஒரு நீளமான மேஜை இருக்கிறது. வெட்டி முடித்த விளையாட்டுச் சீட்டுகளை அதன் விளிம்பு நெடுகச் சின்னச் சின்ன அடுக்குகளாக வைத்திருப்பார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே படம். சித்தி கட்டைவிரலில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி வருவாள். அடுக்குக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே போவாள். புறப்பட்ட இடத்துக்கு அவள் திரும்பி வரும்போது இடது கையில் ஒரு முழுச் சீட்டுக்கட்டு சேர்ந்திருக்கும். அதைத் தட்டி ஒழுங்குபடுத்தி, தராசில் வைத்துப் பார்த்து, காகிதப் பட்டை சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிடுவாள். காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரைக்கும் இதே சுற்றுதான்.

தராசுக்கு ஒரு காரணம் உண்டு. புதுச் சீட்டுகள் சில நேரம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். ஒன்று என்று நினைத்து எடுத்தால் இரண்டு வந்துவிடும். அங்கே அதற்கு ‘இரட்டை’ என்று பெயர். இரட்டை வந்தால் எடை காட்டிக்கொடுக்கும். பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் எல்லோரையும் எரிச்சல்படுத்திக்கொண்டிருந்த என்னை, அம்மா அதே மேஜைக்கு அனுப்பி வைத்தாள். முதல் வாரம் என் கட்டுகளில் பாதி தராசில் தோற்றன.

“உன் விரல் இன்னும் தூங்குதுடி குட்டி. எழுப்பிக் கூட்டிட்டு வா,” என்பாள் சித்தி. அவள் கட்டில் இரட்டை வந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த மேஜைக்கு அவளும் என் வயதில்தான் வந்தாள். சித்தப்பாவை அவள் சந்தித்ததும் அங்கேதான். அச்சான பெரிய தாள்களைத் தனித்தனிச் சீட்டுகளாக வெட்டித் தரும் மெஷினை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே அடுக்குகளை வரிசை மாற்றி மேஜைக்கு அனுப்புவாராம். சித்தி கத்திக்கொண்டே மெஷின் அறைக்குப் போவாள். “இல்லைன்னா நீ இந்தப் பக்கம் வரவே மாட்டியே,” என்று ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிட்டார். அதன் பிறகு கல்யாணம்.

கல்யாணமான வருடம் அச்சகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பலகை விளையாட்டு அச்சடிக்க ஆர்டர் வந்தது. கிளாடியேட்டர் சண்டை பற்றிய ஆட்டம். பழைய காலத்தில் வட்டமான அரங்கத்தில் மணல் பரப்பி, இரண்டு பேர் கையில் ஆயுதம் கொடுத்து மோதவிடுவார்கள் அல்லவா, அதுதான். முதலில் ஓட்டிய தாள்களில் சிவப்பு மை ஒரு மயிரிழை தள்ளி விழுந்துவிட்டது. ஒவ்வொரு வீரனுக்கும் பக்கத்தில் அவனுடைய சிவப்பு நிழல் ஒன்று நிற்பதுபோல இருந்தது. அந்தத் தாள்களைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா சூப்பர்வைசரைக் கெஞ்சி அதில் ஒரு செட்டும் பலகையும் வாங்கிக்கொண்டார்.

ஆட்ட விதிகள் அடங்கிய புத்தகம் வேறு எங்கேயோ அச்சானதால், இவர்கள் கைக்கு அது வரவில்லை. அதனால் இருவரும் படங்களைப் பார்த்துத் தாங்களே விதி செய்துகொண்டார்கள். அந்த ஆட்டம் இப்படி.

பலகையில் மணல் நிறத்தில் கட்டம் போட்ட ஓர் அரங்கம். அதில் நகர்த்த இரண்டு வீரர்கள். ஒருவன் கேடயக்காரன், பெரிய கேடயமும் குட்டை வாளும் வைத்திருப்பவன். அது சித்தி. இன்னொருவன் வலைக்காரன். அவனிடம் கேடயம் கிடையாது, மூன்று முனை ஈட்டியும் வலையும்தான். அது சித்தப்பா. ஆளுக்கொரு சீட்டுக்கட்டு. கையில் ஐந்து சீட்டு. வெட்டு, குத்து, தடு, பின்வாங்கு, பாய்ச்சல் என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒரு செயல். இருவரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். அடி விழுந்தால், விழுந்தவனின் கட்டிலிருந்து மேல் சீட்டுகள் போய்விடும். ஆடிய சீட்டும் போன சீட்டும் அந்த ஆட்டத்தில் திரும்பி வராது. கட்டுதான் வீரனின் உயிர். கட்டு தீர்ந்தால் வீரன் விழுந்தான்.

வலைக்காரனின் கட்டில் ‘வலை’ இரண்டே இரண்டு. அதில் சிக்கினால் வைத்த சீட்டு செல்லாது, அடுத்த இரண்டு அடிகளைத் தடுக்கவும் முடியாது. அதனால் அந்த இரண்டு வலையும் வெளியே வரும்வரை கேடயக்காரன் தள்ளியே நிற்பான். வந்துவிட்டால் கேடயத்தை இறக்கிவிட்டுப் பாயலாம். சித்தியின் தந்திரமே அதுதான்.

ஒரு சீட்டில் ஓர் ஆள் வாளியும் துணியுமாக நிற்பான். சித்தி அவனை வைத்தியன் என்றாள். சித்தப்பா, மணலில் ரத்தம் துடைக்கிறவன் என்றார். ஒரு ஆட்டம் ஆடி முடிவு செய்தார்கள். சித்தி ஜெயித்தாள், அவன் வைத்தியன் ஆனான். பல வருடம் கழித்து, வெளிநாட்டில் ஒரு கடையில் சித்தப்பா உண்மையான விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

“அடியே, அந்த வாளிக்காரன் ஒற்றனாம். நாம ஆடுறது முழுக்கத் தப்பாம்.”

“அப்படியா? நம்ம விதியை அவங்களுக்கு எழுதிப் போடுங்க. திருத்திக்கட்டும்,” என்றாள் சித்தி.

ஒரு ஆட்டம் ஆடி முடிவு செய்வது என்பது அவர்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. சுவருக்கு என்ன நிறம், யாருடைய அண்ணன் வீட்டுக்கு முதலில் போவது, பூனையை வைத்துக்கொள்வதா விரட்டுவதா, எல்லாவற்றுக்கும் “அரங்கத்துல பாத்துக்கலாம்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. பலகையை விரித்துவிட்டால் மரியாதை எல்லாம் போய்விடும். “வாடா வலை,” என்பாள். “பின்னாடி போடி தகரம்,” என்பார். தோற்றவர் முணுமுணுக்கக் கூடாது. ஏமாற்று என்ற பேச்சே கிடையாது. இவர்கள் பேசித் தீர்த்துக்கொண்ட விஷயம் ஒன்றாவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

“புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டு நாலு பேர் சமாதானம் பண்ணிப் பாத்திருக்கேன். இதுங்க ரெண்டும் அட்டையை வெச்சு நியாயம் கேக்குதுங்க,” என்பாள் என் அம்மா. அவள் சித்திக்கு அக்கா.

தூரத்து நாட்டில் ஒரு பெரிய பெட்டி ஆலைக்கு, அனுபவமுள்ள மெஷின் ஆட்கள் வேண்டும் என்று கேட்டு வந்தபோது சித்தப்பாவுக்குக் கண் விரிந்துவிட்டது. விளம்பரத் தாள்களில் மட்டும் பார்த்த மெஷின்கள் அங்கே இருந்தன. அதற்கும் ஆட்டம்தான். சித்தப்பா ஜெயித்தார். வலைக்காரன் கட்டை எடுத்துக்கொண்டு, கேடயக்காரன் கட்டையும் பலகையையும் சித்தியிடம் விட்டுவிட்டு, இரண்டு வருட ஒப்பந்தத்தில் கிளம்பினார். அங்கே போய் ஒரு பெட்டி அட்டையில் அரங்கத்தை வரைந்துகொண்டார். வாரம் ஒரு நாள், அவருடைய ஓய்வு நாளில் போன். சீட்டுகளை இருவரும் அவரவர் இடத்தில் கவிழ்த்து வைப்பார்கள். சீட்டின் பெயரைப் போனில் செய்தியாக அடித்து வைத்துக்கொண்டு, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சேர்ந்து எண்ணி, ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். கையில் இல்லாத சீட்டின் பெயரைக்கூட அனுப்பலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அது அவர்களுக்குத் தோன்றியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அவர் போன பிறகு சித்திக்குத் துணையாக நான் அவள் வீட்டிலேயே தங்கினேன். இரண்டு அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் மேல் பலகை, பலகை மேல் தூசி படாமல் ஒரு மெல்லிய துணி. சித்தி கட்டிலில் சுவரோரமாகவே படுப்பாள். மின்விசிறி மறுபக்கத்தைப் பார்த்துச் சுற்றும்.

“இந்தப் பக்கம் திருப்பி வெச்சா என்ன சித்தி?”

“பழகிடுச்சுடி. எனக்குக் காத்து அவ்வளவு ஆகாது.”

அடுத்த நிமிடம் முந்தானையால் விசிறிக்கொள்வாள். பற்பசை தீர்ந்தால், காரமாக இருக்கிறது என்று அவளே திட்டும் அந்தப் பச்சைப் பற்பசையைத்தான் வாங்கி வருவாள். அது சித்தப்பாவுக்குப் பிடித்தது. போன் வரும் நாளில் தலைக்குக் குளித்து நல்ல புடவை கட்டுவாள். அவர் தங்கியிருந்த இடத்தில் முகம் பார்த்துப் பேசும் அளவுக்கு இணைப்பு கிடையாது. வெறும் குரல்தான்.

“யார் பாக்கப் போறாங்க சித்தி?”

“ஏன், நீ பாக்கலையா? உனக்குத்தான் கட்டினேன்.”

இரண்டு வருடம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் என்று இருந்தபோது, ஒரு போனில் சித்தப்பா வழக்கத்தைவிட அதிகமாக இருமினார். பிறகு சொன்னார்: “இங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. ஷிஃப்டை என் பொறுப்புல விடுறாங்களாம். நீ என்ன சொல்றே?”

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். சித்தியின் வாய் திறந்தது. ஏதோ ஒரு சொல் வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. அதை விழுங்கிவிட்டு, “அரங்கத்துல பாத்துக்கலாம்,” என்றாள்.

அந்தப் பக்கம் அவர் மறுபடி இருமினார். “சரி. நான் ஜெயிச்சா இருக்கேன். நீ ஜெயிச்சா வந்துடறேன்.”

போனை வைத்ததும் கேட்டேன். “வந்துடுங்கன்னு சொன்னா என்ன சித்தி? அதுக்கு எதுக்கு ஆட்டம்?”

“கேட்டு வாங்கினா, பாவம்னு கொடுத்த மாதிரி இருக்கும். ஜெயிச்சு வாங்கினா அது என்னோடது,” என்றாள். பிறகு, “ரொம்ப நறுக்கிட்டே. யாருக்கு இவ்வளவு?” என்று வெங்காயத்தைப் பார்த்தாள்.

ஆட்டம் பல வாரம் நடந்தது. போன் அறுந்து அறுந்து போகும், ஒரு நாளைக்குச் சில சீட்டுகள்தான் ஓடும். அச்சகம் முழுவதற்கும் விஷயம் தெரிந்திருந்தது. “காத்தாடி, மாப்பிள்ளை விழுந்தாச்சா?” என்று மெஷின் அறையிலிருந்து கத்துவார்கள். சித்தப்பாவின் உதவியாளாக இருந்து இப்போது அந்த மெஷினை ஓட்டுகிற கட்டிங் அண்ணன், “நான் வலைப் பக்கம்தான், அவர் வந்தா என் மெஷின் போயிடும்ல,” என்று சிரிப்பார்.

சித்தி நிதானமாக ஆடினாள். முதல் வலை தொடக்கத்திலேயே வந்தது. சிக்கி, நிறையச் சீட்டு இழந்தாள். அதன் பிறகு தள்ளித் தள்ளி நின்றாள். சித்தப்பா பொறுமை இழந்து இரண்டாவது வலையை வீசிய அன்று சித்தி பின்வாங்கியிருந்தாள். வலை வெறும் மணலில் விழுந்தது. போனில் அவர் “சே!” என்றது சமையலறைவரை கேட்டது.

“ரெண்டும் போச்சா? இனி ஈட்டியை வெச்சு முதுகு சொறிஞ்சுக்கோ,” என்றாள் சித்தி. அன்று பாத்திரம் கழுவும்போது பாடினாள். அவளுக்குப் பாட வராது. நான் சொல்லவில்லை.

அடுத்த சில வாரம் அவர் கட்டு கரைந்துகொண்டே வந்தது. சித்தி அவருடைய சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். அலமாரியில் பாதியைக் காலி செய்தாள். குழாய் ஒழுகியபோது ஆள் கூப்பிடலாம் என்றேன். “இருக்கட்டும். ஒரு மாசம் ஒழுகினா என்ன, ஆள் வருதே,” என்றாள்.

அந்த ஓய்வு நாள் வந்தது. கேடயக்காரன் வலைக்காரனுக்கு எதிர்க் கட்டத்தில் நின்றான். சித்தி கையிலிருந்து ‘பாய்ச்சல்’ சீட்டை எடுத்துக் கவிழ்த்தாள். கேடயத்தை இறக்கிவிட்டு முழு வேகத்தில் பாய்வது. அது விழுந்தால் அவர் கட்டில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. தடுக்க அவரிடம் கேடயம் இல்லை. அவளை நிறுத்தக்கூடிய சீட்டு ஒரே வகைதான். அதில் இருந்த இரண்டும் தீர்ந்துவிட்டன.

“ஒண்ணு… ரெண்டு… மூணு.”

சித்தி அனுப்பினாள். அவர் செய்தி ஒரு நொடி பிந்தி வந்தது. ஒரே சொல். வலை.

சித்தி போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

“என்ன, சத்தத்தையே காணோம்? மாட்டினியா?” அவர் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

சித்தி உதட்டைத் துடைத்துக்கொண்டாள். “மாட்டினேன்,” என்றாள். “சரி, மீதி அடுத்த வாரம். அடுப்புல பால் வெச்சிருக்கேன்.”

அடுப்பில் ஒன்றும் இல்லை.

“சித்தி, வலை ரெண்டுதானே?” என்றேன்.

“இரட்டை,” என்றாள் உடனே. பதிலை ஏற்கெனவே கையில் வைத்திருந்ததுபோல. “அன்னைக்கு நான் கட்டு சேர்த்தப்போ ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். வீட்டுல என்ன தராசா இருக்கு? என் தப்பு. மூணு வலையோடதான் அவர் இத்தனை வருஷம் ஆடியிருக்கார், பாவம், அவருக்கே தெரியாது.”

மறுநாள் அம்மா வந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

“ஏமாத்துறான்,” என்றாள் அம்மா. “வர இஷ்டமில்ல. அதைச் சொல்ல வாயில்ல. அட்டையை வெச்சு அமுக்குறான்.”

“அக்கா, தெரியாம பேசாதே. இது என் கை பண்ணின தப்பு.”

“உன் கையா? உன் கையை நீயே குறை சொல்லி நான் கேட்டதே இல்லையேடி.”

“இப்ப கேட்டுக்கோ,” என்று சித்தி கதவைத் திறந்து வைத்தாள். காற்றுக்காக என்று சொன்னாள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சித்தியை நம்பினேன். அடுக்கடுக்காக வைத்து, மேஜையைச் சுற்றி வந்து, வீட்டுக் கட்டையும் அவள் அப்படித்தான் சேர்த்திருப்பாள் என்று நினைத்தேன். அதனால்தான் வாரத்தின் நடுவில் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் அண்ணன் “மேட்ச் என்னாச்சு?” என்று கேட்டபோது, “இரட்டை வந்து கெடுத்துடுச்சு அண்ணே, சித்தப்பா கட்டுல மூணு வலை,” என்றேன்.

அவர் வாயில் இருந்ததை விழுங்கினார். “இரட்டையா? எங்கேருந்து இரட்டை வரும்? அது ஒரே தாள்மா. அடுக்கே கிடையாது. அந்த ஒரு தாளை வாங்க உங்க சித்தப்பா என்ன கெஞ்சு கெஞ்சினார் தெரியுமா! நான்தான் பக்கத்துல நின்னு பிடிச்சேன், அவர் வெட்டினார். ஒரு தாளுக்கு வலை ரெண்டுதான். மூணாவது என்ன, ராத்திரியில முளைச்சுதா?”

சிரித்துக்கொண்டே திரும்பியவர் சித்தியின் முகத்தைப் பார்த்தார். டிபன் பாக்ஸை மூடினார்.

“உங்களுக்கு ஞாபகம் தப்புண்ணே,” என்றாள் சித்தி மெதுவாக.

“இருக்கும்மா. இருக்கும். வயசாகுதுல்ல,” என்று எழுந்து போனார்.

அன்று மதியம் சித்தியின் கட்டு ஒன்று தராசில் குறைந்தது. எந்த அடுக்கைத் தாண்டிப் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, விட்டதை எடுத்து வைத்தாள். ‘காத்தாடி’ என்றுகூட யாரும் கூப்பிடவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் கேட்டுவிட்டேன்.

“ஒரே தாள்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?”

“தெரியாம? அந்த ஒரு தாளை வெட்டின சீட்டைப் புடவைக்குள்ள வெச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததே நான்தான். மழை அன்னைக்கு.”

“அப்புறம் ஏன் சித்தி அப்படிச் சொன்னீங்க?”

அவள் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். “என் தப்பா இருந்தா அவர் வர நினைக்கிறார்னு அர்த்தம்டி. அந்த நினைப்பு ஒரு வாரம் வேணும்னு இருந்தது. ஒரு வாரம்தானே. யாருக்கு என்ன நஷ்டம்?”

இந்த ஊரைவிட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்று தினமும் நினைக்கிறவள் நான். போகிறவர்களுக்குக் காரணம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து, பின்னால் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று முதல்முறை யோசித்தேன்.

ஓய்வு நாளில் சித்தி தலைக்குக் குளித்தாள். புடவை மாற்றினாள். பலகை மேல் இருந்த துணியை எடுத்தாள். போன் வந்தது. என்னைப் போகச் சொல்வாள் என்று எழுந்தேன். “உட்காரு,” என்று கையைக் காட்டினாள்.

“என்ன தகரம், வலைக்குள்ள சௌகரியமா இருக்கியா?” என்றார் சித்தப்பா.

“ஒரு வேலை பண்ணு. ஆடின வலை மூணையும் தரையில வெச்சு ஒரு படம் எடுத்து அனுப்பு.”

“இப்ப எதுக்குடி?”

“பாக்கணும் போல இருக்கு. நிழலடிச்ச வலை. பாத்து ரெண்டு வருஷமாச்சு.”

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். யாரோ ஒருவர் கதவை மூடினார். பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

“ஒரே தாளுங்க அது,” என்றாள் சித்தி. குரல் உயரவே இல்லை.

“தெரியும்,” என்றார் அவர்.

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“போட்டுட்டேன். நீ அரங்கத்துலன்னு சொன்னதுக்கு அடுத்த நாளே. நான் எப்படியும் ஜெயிச்சுடுவேன்னு நினைச்சேன். நல்லாத்தான் ஆடினேன். நீதான்…” நிறுத்தினார். “ரெண்டாவது வலையை நீ ஏமாத்திட்டே பாரு, அன்னைக்குத் தூக்கம் போச்சு.”

சித்தி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “அங்க அப்படி என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. மெஷின் இருக்கு.” தேடித் தேடிப் பேசினார். “காலையில உள்ள போனா என்னைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க. யாரோ ஊர் பேர் தெரியாதவன் வந்து, இது எப்படின்னு கேக்குறான். எனக்கு அது பிடிச்சிருக்கு. இதை எப்படி உன்கிட்ட சொல்றதுன்னு தெரியல. பணத்துக்குன்னா சொல்லியிருப்பேன்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் ஒரு வாரமாக நினைத்திருந்தேன். திட்ட வரவில்லை.

“நான் ஒண்ணு கேக்குறேன்,” என்றாள் சித்தி. “ஆட்டத்தை விடுங்க. ஜெயிச்சதும் வேணாம், தோத்ததும் வேணாம். சும்மா கேக்குறேன். எனக்கு நீங்க வரணும். இங்க இருக்கணும். காலையில அந்தக் கர்மம் பிடிச்ச பற்பசையைப் போட்டு வாய் கொப்பளிக்கிற சத்தம் கேக்கணும். அவ்வளவுதான்.”

சொல்லி முடித்ததும் அவள் தோள் இறங்கியது. ரொம்ப நேரம் தூக்கிக்கொண்டு நின்றதைக் கீழே வைத்ததுபோல.

“இதை அன்னைக்கே கேட்டிருக்கலாமே,” என்றார் அவர். குரல் உடைந்திருந்தது.

“கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?”

போன் அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

“தெரியல,” என்றார். “உன்கிட்ட இனிமே பொய் சொல்லல. தெரியல. இப்ப ரெண்டு வருஷம் நகர முடியாது. நடுவுல லீவு கேட்டுப் பாக்குறேன். கொடுப்பாங்களான்னு அதுவும் தெரியல.”

“சரி.”

“கோவமா?”

“கோவம்தான். அது பாட்டுக்கு இருக்கட்டும். வலையை எடுங்க. அது உங்க சீட்டு இல்ல. உண்மையா கையில என்ன இருக்கோ அதை வைங்க.”

“இன்னும் எதுக்கு ஆடணும்? பந்தயம்தான் போயிடுச்சே.”

“எதுக்கும் இல்ல. நேரம் இருக்குல்ல உங்களுக்கு?”

“இருக்கு.”

சித்தி போன வாரம் ஆடிய பாய்ச்சல் சீட்டைத் திரும்பக் கையில் எடுத்தாள். வலை இல்லை என்றால் அந்தச் சுற்றே நடக்கவில்லை அல்லவா. கேடயக்காரனை நேராக நிறுத்தினாள். கையிலிருந்த ஐந்தையும் விசிறிபோல் விரித்துப் பார்த்தாள். எந்தச் சீட்டை வைக்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. பாய்ச்சல் விழுந்தால் அவர் கட்டு தீர்ந்துவிடும், ஆட்டமும் அங்கேயே முடிந்துவிடும்.

அவள் யோசித்தாள். ஜன்னல் வழியாக வெளிச்சம் பலகையின் பாதியில் விழுந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினார், தண்ணீர் குடித்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒவ்வொரு சத்தத்துக்கும் சித்தியின் தலை போன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.

“எவ்வளவு நேரம்டி?”

“இருங்க. யோசிக்கிறேன்.”

கடைசியில் ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்தாள். போனில் பெயரை அடித்தாள். இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். மூன்று என்றதும் அனுப்பினாள்.

“பின்வாங்கா?” என்றார் அவர். “பாய்வேன்னு பயந்துட்டு இருந்தேன். கையில பாய்ச்சல் வெச்சிருக்கியே நீ.”

“வெச்சிருக்கேன்,” என்றாள் சித்தி. தன் கேடயக்காரனை ஒரு கட்டம் பின்னால் நகர்த்தினாள். “அடுத்த சீட்டை எடுங்க. போனை வெச்சிடாதீங்க.”